மறதி நோய்க்கு நிறம் உண்டா?

(பொதுக்கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அமெரிக்க நாட்டைப் பற்றியது. அந்நாட்டின் பணத்தைப் பற்றியோ, வானத்தை முட்டும் கட்டடங்களைப் பற்றியோ பேச வரவில்லை. அங்கே வயது முதிர்ந்த கறுப்பு மக்களை மற்றவர்களைவிட அதிகமாகப் பிடிக்கின்ற ஒரு வியாதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "கடலுக்கு அப்பால் இருக்கிறவர்களுக்கு வரும் வியாதிக்கு இங்கே எதற்கு ஐயா கூட்டம்?" என்று கேட்பவர்கள் கேட்கலாம். பிறப்பைச் சொல்லி ஒருவனைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, அவன் பள்ளத்தில் கிடப்பதையே அவனுடைய பிறப்பு மட்டமானது என்பதற்கு ருஜுவாகக் காட்டுகிற தந்திரம் எந்த நாட்டில் நடந்தாலும், அதை அறிந்துகொள்ள வேண்டியது நம் போன்றவர்களுடைய வேலை என்பதே நம்முடைய பதில்.

நாம் காலேஜில் வாசித்து வைத்தியப் பட்டம் வாங்கியவரல்ல. அச்சில் வந்தவைகளைப் படித்தும், விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறோம். ஆகையால், மேடையில் ஏறி நின்று சொல்கிறான் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் உங்கள் அறிவு என்னும் தராசில் போட்டு நிறுத்துப் பாருங்கள்.

வியாதி எது?

வயதானவர்களில் சிலர் சற்று முன் சாப்பிட்டதை மறந்துவிட்டு, "எனக்கு யாரும் சோறு போடவில்லை" என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். நாற்பது வருஷம் நடந்த தெருவிலேயே வழி தெரியாமல் நிற்பார்கள். பெற்ற மகளையே பார்த்து, "நீ யார் வீட்டுப் பெண் அம்மா?" என்று கேட்பார்கள். நம் ஜனங்கள் இதை, "வயதாகிவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். ஆனால் வயதான எல்லோருக்கும் இப்படி வருவதில்லை. தொண்ணூறு வயதிலும் தெளிவாகக் கணக்குச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இது வயதின் இயற்கை அல்ல, வியாதி. வைத்தியர்கள் இதை டிமென்ஷியா என்கிறார்கள். நாம் மறதி நோய் என்று சொல்லிக்கொள்ளலாம்.

1906-ம் வருஷத்தில் ஜெர்மனியில் அல்சைமர் என்ற வைத்தியர், ஐம்பத்தைந்து வயதில் இந்நோயோடு இறந்துபோன ஒரு அம்மாளின் மூளையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். அதிலே கட்டி கட்டியாக ஏதோ படிந்திருப்பதையும், மூளை அணுக்களுக்குள்ளே நூல் சிக்கல் போலச் சிக்கிக் கிடப்பதையும் கண்டார். இந்நோயில் மிகுதியானது அவர் பெயரால் வழங்குகிறது. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் சிறு குழாய்கள் கெட்டு, அதனால் வருவது மற்றொரு வகை. அநேகரிடத்தில் இரண்டும் கலந்தே இருக்கும். 2021-ம் வருஷக் கணக்குப்படி உலகத்தில் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது.

அமெரிக்காவில் அல்சைமர் சங்கத்தார் சொல்லும் கணக்கு என்னவென்றால், வயது முதிர்ந்த கறுப்பு மக்களுக்கு இந்நோய் இருப்பது, வெள்ளையர்களுக்கு இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதாகும். "ஆஸ்பத்திரி வசதி இல்லாததனால் இருக்கலாம்" என்று சிலர் சொல்லக்கூடும். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியா மாகாணத்தின் வடபகுதியில் ஒரே வைத்திய ஸ்தாபனத்தில் சேர்ந்திருந்த 2,74,000 முதியவர்களை 2000 முதல் 2013 வரையில் கவனித்து, 2016-ல் கணக்கை வெளியிட்டார்கள். ஆயிரம் பேருக்கு வருஷம் ஒன்றுக்குப் புதிதாக நோய் கண்டவர்கள் கறுப்பரில் 26.6 பேர், வெள்ளையரில் 19.3 பேர், ஆசியா கண்டத்திலிருந்து போனவர்களின் வம்சத்தாரில் 15.2 பேர். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மருந்து என்று வந்தபோது வித்தியாசம் குறைந்திருக்கிறது, ஆனால் ஒழியவில்லை. மிச்சமுள்ள வித்தியாசம் எங்கேயிருந்து வந்தது? இதுதான் இன்றைய கேள்வி.

பழைய புளுகு

"அது அவர்கள் இரத்தத்திலேயே இருக்கிறது" என்பது சுலபமான பதில். சுலபமான பதில் மட்டுமல்ல, லாபமான பதிலும்கூட. ஏனென்றால், இரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், யாரும் எதற்கும் பொறுப்பாளியாக வேண்டியதில்லை அல்லவா?

இந்தப் பதிலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1840-ல் அமெரிக்காவில் ஜனக்கணக்கு எடுத்தார்கள். அப்போது தெற்கு மாகாணங்களில் கறுப்பர்கள் அடிமைகள். வடக்கே சுதந்திரமாக இருந்தார்கள். சுதந்திரக் கறுப்பரில் பைத்தியம் பிடித்தவர்கள் அடிமைகளில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்று அந்தக் கணக்குக் காட்டிற்று. உடனே அடிமை வைத்திருந்த கூட்டத்தாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெளிநாட்டு மந்திரியாயிருந்த ஜான் கால்ஹூன் என்பவர் 1844-ல் பிரிட்டிஷ் பிரதிநிதிக்கு எழுதிய கடிதத்திலே இந்தக் கணக்கையே எடுத்துக்காட்டி, அடிமைத்தனம் கறுப்பருக்கு நன்மையானது என்று வாதித்தார்.

மாசசூசெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஜார்விஸ் என்ற வைத்தியர் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். என்ன கண்டார் தெரியுமா? கறுப்பரே குடியில்லாத ஊர்களில் கறுப்புப் பைத்தியக்காரர்கள் இருப்பதாக எழுதியிருந்தது! உஸ்டர் என்ற ஊரில் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருந்த 133 வெள்ளையரைத் தூக்கிக் கறுப்பர் பத்தியிலே போட்டிருந்தார்கள். பிழை வெளிப்பட்ட பிறகாவது திருத்தினார்களா? இல்லை. ஏன் திருத்தவேண்டும்? அவர்களுக்கு வேண்டியதைத்தான் அது சொல்லிற்றே!

1851-ல் லூயிசியானாவில் கார்ட்ரைட் என்ற வைத்தியர் இதற்கும் ஒரு படி மேலே போனார். எஜமானனை விட்டு ஓடிப்போக நினைப்பதே அடிமைகளுக்கு வருகிற ஒரு மூளை வியாதி என்று சொல்லி, அதற்கு ஒரு கிரேக்கப் பெயரும் சூட்டினார். அந்த வியாதிக்கு அவர் சொன்ன சிகிச்சைகளில் ஒன்று சவுக்கடி! தோழர்களே, சவுக்கடிக்குப் பயந்து ஓடுகிறவனுக்குச் சவுக்கடியே மருந்தாம். புத்தி பேதலித்தவன் ஓடினவனா, எழுதினவனா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

"இதெல்லாம் பாட்டன் காலத்துக் கதை" என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கர்கள் கால்பந்து என்று பெயர் வைத்துக்கொண்டு, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, தலையோடு தலை முட்ட மோதி ஆடுகிற ஒரு விளையாட்டு உண்டு. தலையில் பட்ட அடியால் தங்கள் மூளை கெட்டுவிட்டதென்று பழைய ஆட்டக்காரர்கள் அந்த விளையாட்டை நடத்தும் தேசிய லீக்கின் மேல் வழக்குப் போட்டார்கள். ராஜி ஏற்பட்டு, 2015-ல் கோர்ட்டு அதை ஒப்புக்கொண்டது. மறதி நோய் கண்டவருக்கு நஷ்டஈடு என்பது ஏற்பாடு. நோய் உண்டா என்று அறியப் பரீட்சை வைத்தார்கள். அந்தப் பரீட்சையில் வைத்தியர்கள் கையாண்ட கணக்கு என்ன? கறுப்பருடைய அறிவு ஆரம்பத்திலேயே வெள்ளையரைவிடக் கீழ்மட்டத்தில் இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள்! ஆகவே ஒரே மார்க்கு வாங்கிய இருவரில், வெள்ளையனுக்கு "உனக்கு அறிவு குறைந்துவிட்டது, பணம் வாங்கிக்கொள்" என்றும், கறுப்பனுக்கு "உனக்கு இவ்வளவுதான் இருந்திருக்கும், ஒன்றும் குறையவில்லை, போய் வா" என்றும் பதில் கிடைக்கும். 2020-ல் இரண்டு கறுப்பு ஆட்டக்காரர்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2021-ல் லீக்குக்காரர்கள் இந்த முறையைக் கைவிடுவதாகச் சொன்னார்கள். 2022-ல்தான் அதை நீக்கும் ஏற்பாட்டுக்குக் கோர்ட்டின் சம்மதம் வந்தது. 1840-க்கும் 2022-க்கும் நடுவில் 182 வருஷம். புளுகின் ஆயுசைப் பார்த்தீர்களா?

இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்போம்

சரி, புளுகர்கள் சொன்னார்கள் என்பதற்காகவே ஒரு விஷயம் பொய்யாகிவிடாது. இரத்தம்தான் காரணம் என்றால் அதையும் சோதித்துப் பார்த்துவிடலாம். எப்படிச் சோதிப்பது? அமெரிக்கக் கறுப்பர்களுடைய முன்னோர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு போட்டுக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டவர்கள். அந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டவர்களின் சந்ததியாரும் இன்று இருக்கிறார்கள். இரத்தத்தில் நோய் இருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே அளவாக அல்லவா இருக்கவேண்டும்?

இந்தச் சோதனையை நடத்தியும் பார்த்துவிட்டார்கள். நைஜீரியாவில் இபாதான் என்ற ஊரில் யொரூபா இனத்தாரையும், அமெரிக்காவில் இந்தியானாபொலிஸ் என்ற ஊரில் கறுப்பரையும், 65 வயதுக்கு மேற்பட்டவர்களாக ஒவ்வோர் ஊரிலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பேரை எடுத்துக்கொண்டு, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரியான முறையில் பல வருஷம் கவனித்தார்கள். 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். புதிதாக மறதி நோய் கண்டவர்கள், வருஷத்துக்கு நூற்றுக்கு இபாதானில் 1.35 பேர், இந்தியானாபொலிஸில் 3.24 பேர். அதாவது இரண்டு மடங்குக்கும் மேலே!

எங்கே போயிற்று இரத்தம்? கடல் தாண்டும்போது உப்புக் காற்றுப் பட்டுக் கெட்டுவிட்டதா? இபாதான்காரர்களிடத்தில் இரத்தக் கொதிப்பும், கொழுப்பும், உடல் பருமனும் குறைவாயிருந்தன. அமெரிக்காவில் இருந்தவர்களிடத்தில் அவை அதிகம். இரண்டு நாட்டு வாழ்க்கைக்கும் வேறு பல வித்தியாசங்களும் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் வித்தியாசம் வாழ்க்கையில் இருக்கிறது என்பதைத்தானே நாமும் சொல்லுகிறோம்!

இன்னொன்றும் கேளுங்கள். இந்நோய்க்கு வழிவிடும் ஒரு மரபணுவை 1993-ல் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு வெள்ளையருக்கு உண்டாக்கும் ஆபத்தைவிடக் கறுப்பருக்கு உண்டாக்கும் ஆபத்துக் குறைவு என்றே பின்னால் வந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் சொல்லுகின்றன. இரத்தத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்கு இதிலும் உதவி கிடைக்கவில்லை.

அவமானம் மூளைக்குள் போகும் வழி

இரத்தம் இல்லையென்றால் வேறு என்ன? கல்விக் குறைவு ஒன்று. இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் ஒன்று. இவைகளுக்கெல்லாம் அடியில் ஓடுகிற வேராக ஆயுசு பூராவும் தீராத மன உளைச்சல் ஒன்று என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். மனத்தில் பட்ட அடி மூளையில் எப்படிப் புண்ணாகும்? இதில் மாயமோ மந்திரமோ ஒன்றுமில்லை.

சந்தையிலே ஒரு மாடு மிரண்டு உங்கள் மேல் பாய்ந்து வருகிறது. உடனே நெஞ்சு படபடக்கிறது, இரத்தம் வேகமாக ஓடுகிறது, காலுக்கு எங்கிருந்தோ பலம் வருகிறது, ஓடித் தப்புகிறீர்கள். சிறுநீரகங்களின் தலையில் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் இரண்டு சுரப்பிகள் அந்த நேரத்தில் சில சாறுகளை இரத்தத்தில் விடுகின்றன. அவைகளில் ஒன்று கார்டிசால் என்பது. மாடு போனவுடன் சாறு வற்றிவிடும். உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும். இது உயிரைக் காக்கிற ஏற்பாடு.

ஆனால் மாடு போகவே இல்லை என்றால்? காலையில் கடைக்குப் போனால் அங்கே ஒரு மாடு, வேலைக்குப் போனால் அங்கே ஒரு மாடு, வாடகைக்கு வீடு கேட்கப் போனால் அங்கே ஒரு மாடு, ரோட்டில் போலீஸ்காரன் உருவத்தில் ஒரு மாடு என்று அறுபது வருஷம் துரத்தினால் உடம்பு என்ன ஆகும்? இரத்த அழுத்தம் ஏறி ஏறி இறங்க மறந்துவிடும். சர்க்கரை ஏறும். தூக்கம் கெடும். மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் தடித்துக் கெட்டுப்போகும். நியூயார்க்கில் புரூஸ் மக்யூவன் என்ற விஞ்ஞானி, இந்தச் சுரப்பிகளின் சாறு மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பாகத்தில் போய் ஒட்டிக்கொள்வதை எலிகளிடத்தில் கண்டு 1968-ல் வெளியிட்டார். அந்தப் பாகம் எது தெரியுமா? புதிய ஞாபகங்களைப் பதிய வைக்கிற பாகம். அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று. அந்தச் சாறு நீண்ட நாள் அதிகமாக ஊறினால், அங்குள்ள அணுக்களின் கிளைகள் சுருங்கிப் போகின்றன என்பதும் பின்னால் எலிகளிடத்தில் காணப்பட்டது.

ஆர்லின் ஜெரோனிமஸ் என்ற அம்மையார் 1992-ல், அமெரிக்கக் கறுப்புப் பெண்களின் பிரசவக் கணக்குகளைப் பார்த்து, அவர்களுடைய உடல்நலம் வெள்ளைக்காரப் பெண்களுடையதைவிட முன்னதாகவே தேய ஆரம்பித்துவிடுகிறது என்று சொன்னார். வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்த நல்ல தேக்குமரக் கட்டை வெடித்து உளுத்துப் போவதைப் போல என்று நாம் வைத்துக்கொள்ளலாம். மரம் மட்டமான ஜாதி என்று யாராவது சொல்வார்களா? கூரை போடாதவனைத்தானே கேட்கவேண்டும்?

உளைச்சலின் கணக்கு

1940-ல் மிஸிஸிப்பி மாகாணத்தில் பிறந்த ஒரு கறுப்புப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2025-ல் அவருக்கு வயது 85. மறதி நோய் வரக்கூடிய வயது. அவர் படித்தது கறுப்பருக்கென்று ஒதுக்கிய தனிப் பள்ளிக்கூடம். வெள்ளையர் பள்ளிக்குச் செலவழித்ததில் ஒரு சிறு பங்கைத்தான் அந்தப் பள்ளிக்குச் செலவழித்தார்கள். தனிப் பள்ளிகள் சட்டவிரோதம் என்று 1954-ல் உயர்ந்த கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. ஆனால் அவருடைய மாகாணத்தில் பெரும்பாலான பள்ளிகள் கலந்தது 1970-ல்தான். அதற்குள் அவருக்கு முப்பது வயது! பஸ்ஸில் தனி இடம், தண்ணீர்க் குழாய் தனி, ஆஸ்பத்திரியில் தனி வார்டு. ஓட்டுரிமையைக் காக்கும் சட்டம் வந்தது 1965-ல். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறபேதம் கூடாது என்ற சட்டம் வந்தது 1968-ல். அதற்கு முன்பு 1930-களிலேயே சர்க்கார் ஸ்தாபனம் ஒன்று பட்டணங்களின் படம் போட்டு, கறுப்பர் வசிக்கும் பேட்டைகளுக்குச் சிவப்பு மை பூசி, அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று குறித்து வைத்துவிட்டது. கடன் இல்லையென்றால் சொந்த வீடு இல்லை. வீடு இல்லையென்றால் பிள்ளைகளுக்குச் சொத்து இல்லை.

பிறந்த இடத்தின் அடி பிறகு ஊர் மாறினாலும் போவதில்லை. கலிபோர்னியாவில் வசித்த 7,423 முதியவர்களைப் பற்றி 2017-ல் ஒரு கணக்கு வந்தது. பக்கவாதச் சாவு அதிகமாக உள்ள ஒன்பது மாகாணங்களை எடுத்துக்கொண்டார்கள். மிஸிஸிப்பி, அலபாமா போன்ற தெற்கு மாகாணங்களே அவற்றில் பெரும்பாலானவை. அங்கே பிறந்து பிறகு கலிபோர்னியாவில் குடியேறியவர்களுக்கு, மற்ற மாகாணங்களில் பிறந்தவர்களைவிட மறதி நோய் வருவது நூற்றுக்கு 28 பங்கு அதிகம் என்று கண்டார்கள். மூட்டை கட்டிக்கொண்டு புறப்படலாம். பட்ட பாட்டை ஊரில் விட்டுவிட்டு வர முடிவதில்லை.

"சட்டம்தான் மாறிவிட்டதே, இன்னும் என்ன உளைச்சல்?" என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்லுகிறோம். டேவிட் வில்லியம்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழர்களும் அன்றாட அவமானத்தை அளக்க 1997-ல் சில கேள்விகளை வெளியிட்டார்கள். மற்றவர்களுக்குக் காட்டும் மரியாதையை உனக்குக் காட்டாமல் இருக்கிறார்களா? கடையில், ஓட்டலில் உன்னைக் கவனிக்காமல் நிறுத்தி வைக்கிறார்களா? உனக்கு அறிவு குறைவு என்பது போல நடந்துகொள்கிறார்களா? உன்னைக் கண்டு பயப்படுவது போல விலகுகிறார்களா? உன்னைத் திருடன் போலப் பார்க்கிறார்களா? எவ்வளவு சாதாரணமான கேள்விகள் பாருங்கள்! ஒவ்வொன்றும் குண்டூசிக் குத்துத்தான். ஆனால் தினம் பத்துக் குத்து வீதம் அறுபது வருஷத்துக்கு எத்தனை என்று பெருக்கிப் பாருங்கள்.

இந்த மாதிரிக் கேள்விகளை வைத்து, பாஸ்டன் சர்வகலாசாலையார் நடத்தும் கறுப்புப் பெண்கள் சுகாதார ஆராய்ச்சியில் ஒரு முடிவு 2020-ல் வெளிவந்தது. 1995-ல் 59,000 பெண்களைக் கொண்டு ஆரம்பித்த ஆராய்ச்சி அது. நிறவெறி அவமானங்களை மிக அதிகமாக அனுபவித்ததாகச் சொன்ன பெண்களில், தங்கள் ஞாபகசக்தியும் சிந்தனையும் குன்றிவிட்டதாகக் கூறியவர்கள், மிகக் குறைவாக அனுபவித்தவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்டிருந்தார்கள். விஸ்கான்சின் சர்வகலாசாலையார் 1,320 பேரைச் சோதித்து 2017-ல் வெளியிட்டதிலும் இதே பாடம்தான். வேலை போவது, பிள்ளை சாவது, விவாகரத்து போன்ற பெரிய இடிகளைக் கணக்கிட்டதில், கறுப்பர்களுக்கு வெள்ளையரைவிட நூற்றுக்கு 60 பங்கு அதிகமான இடி விழுந்திருந்தது. கறுப்பரிடத்தில் அப்படிப்பட்ட ஒவ்வோர் இடியும் மூளைக்கு ஏறக்குறைய நான்கு வயது கூடியதற்குச் சமமாகத் தெரிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இவைகளெல்லாம் ஜனங்களைக் கேட்டும் பரீட்சித்தும் எழுதிய கணக்குகள். மனிதர்களைக் கூண்டில் அடைத்து, பாதிப் பேரை அவமானப்படுத்திப் பாதிப் பேரைக் கௌரவித்துச் சோதனை செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆகவே, நோயில் உளைச்சலின் பங்கு இத்தனை, பள்ளிக்கூடத்தின் பங்கு இத்தனை, கொதிப்பின் பங்கு இத்தனை என்று தட்டான் தராசில் நிறுத்துக் காட்ட முடியாது. மன உளைச்சல் ஒன்றே காரணம் என்று சொன்னால் அதுவும் புளுகாகிவிடும். உளைச்சலும் ஒரு காரணம், மற்றக் காரணங்களுக்குத் தீனி போடுகிற காரணம் என்று சொல்வதே நியாயம். அறிவுக்காரன் ருஜு உள்ள அளவுக்குத்தான் பேசவேண்டும். அளவுக்கு மீறிப் பேசுகிற வேலையைக் கால்ஹூனும் கார்ட்ரைட்டும் செய்தார்கள். அது அவர்களோடு போகட்டும்.

விதி அல்ல, விலக்கக்கூடியது

"அவர்கள் கண்டதைத் தின்கிறார்கள், உடம்பைக் கவனிப்பதில்லை, அதற்கு யார் என்ன செய்வது?" என்று சொல்லுகிற கனவான்களும் உண்டு. சிவப்பு மை பூசிய பேட்டையில் நல்ல கடை வரவில்லை, பூங்கா வரவில்லை, புகைக்கூண்டு மட்டும் வந்தது. இரண்டு இடத்தில் வேலை செய்துவிட்டு நடுராத்திரியில் வீடு திரும்புகிறவளைப் பார்த்து, "காலையில் உலாவப் போ அம்மா" என்று புத்தி சொல்வது காலை மிதித்துக்கொண்டே "நொண்டாமல் நட" என்று சொல்வதற்குச் சமானம்.

நோய் தலைவிதியா என்றால், அல்லவே அல்ல. லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகை அமைத்த நிபுணர் குழு 2024-ல் சொன்னது என்னவென்றால், கல்விக் குறைவு, காது மந்தம், கண் மங்கல், இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கொழுப்பு, புகை, குடி, தலையில் அடி, உடல் பருமன், உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, கெட்ட காற்று ஆகிய 14 காரணங்களையும் அடியோடு நீக்கினால், உலகத்தில் இந்நோயில் நூற்றுக்கு 45 பங்கைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பதாகும். இந்தப் பட்டியலை மறுபடியும் மனத்தில் ஓட்டிப் பாருங்கள். இதில் எத்தனை தனி மனிதன் கையில் இருக்கிறது, எத்தனை சமூகத்தின் கையில் இருக்கிறது?

அமெரிக்காவிலேயே இதற்குப் பிரத்தியட்ச ருஜு இருக்கிறது. பிரமிங்காம் என்ற ஊரில், பெரும்பாலும் வெள்ளையர்களையே கொண்ட ஓர் ஆராய்ச்சியில், முப்பது வருஷ காலத்தில் ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் புதிய மறதி நோய் நூற்றுக்கு 20 பங்கு வீதம் குறைந்து வந்தது என்று 2016-ல் கண்டார்கள். ஆனால் யாருக்குக் குறைந்தது? குறைந்தபட்சம் ஹைஸ்கூல் படிப்பை முடித்தவர்களுக்குத்தான் குறைந்தது. இரத்தக் கொதிப்பைக் கண்டிப்பாகக் குறைத்து வைத்தவர்களுக்கு, மறதி நோயின் முதற்படியான ஞாபகக் குறைவு நூற்றுக்கு 19 பங்கு குறைந்ததாக மற்றொரு பெரிய சோதனை 2019-ல் காட்டிற்று. விதியாயிருந்தால் பள்ளிக்கூடத்துக்கும் மாத்திரைக்கும் பயந்து ஓடுமா?

ஆகவே தோழர்களே! கறுப்பு மூதாட்டியின் மூளையில் நாம் காண்பது அவளுடைய பிறவியின் எழுத்தல்ல. பள்ளிக்கூடத்தை மறுத்தவன், கடனை மறுத்தவன், கடையில் நிறுத்தி வைத்தவன், ரோட்டில் மடக்கினவன் இத்தனை பேரும் சேர்ந்து எழுதிய கடன் பத்திரம் அது. வாங்காத கடனுக்கு அவள் தன் ஞாபகத்தைக் கொடுத்து வட்டி கட்டுகிறாள். அவர்கள் செய்ததை அவர்கள் மறந்துவிட்டார்கள்; அவள் உடம்பு மறக்கவில்லை. கடைசியில் மறதி நோய் என்று பெயர் வாங்குகிறவள் அவள்!

மாத்திரை வேண்டும், நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. கொதிப்பைப் பார்க்க வேண்டும், காதைச் சோதிக்க வேண்டும், பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும். உங்கள் வீட்டில் வயதானவர்களுக்கு இந்த அடையாளம் கண்டால், "முன்ஜென்மப் பாவம்" என்று மூலையில் உட்கார வைக்காமலும், மந்திரக்காரனிடம் காசைக் கொட்டாமலும் வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். ஆனால் அவமானத்தை உற்பத்தி செய்கிற யந்திரத்தை ஓடவிட்டுவிட்டு, அதில் அடிபட்டவர்களுக்கு மருந்து பூசிக்கொண்டே இருந்தால், அது ஒருநாளும் முடிகிற வேலையல்ல. யந்திரத்தை நிறுத்துவதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

இனிமேல் எவராவது உங்களிடம் வந்து, "இன்ன கூட்டத்தாருக்கு இன்ன குறை இரத்தத்திலேயே இருக்கிறது" என்று சொன்னால், கோபிக்காதீர்கள். "ஐயா, அவர்கள் படித்த பள்ளிக்கூடம் எது? குடியிருந்த தெரு எது? அவர்களை யார் எப்படிக் கூப்பிட்டார்கள்? இவைகளை முதலில் சொல்லிவிட்டு, இரத்தத்தைப் பிறகு சொல்லும்" என்று கேளுங்கள். பதில் வருகிறதா பார்ப்போம்.

நாம் சொன்னவைகளை வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். அறிவுக்குச் சரியென்று பட்டதை நாலு பேருக்குச் சொல்லுங்கள்; சரியில்லையென்று பட்டதை நம்மிடமே வந்து கேளுங்கள்.